கொஞ்சம் தண்ணீர்

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: கொஞ்சம். கல்யாணமான புதிதில் என் கணவர் வைத்தது. வாயைத் திறந்தால் எனக்கு அந்த வார்த்தைதான் முதலில் வந்து விழுமாம். கொஞ்சம் தள்ளி உட்காருங்க. கொஞ்சம் அந்தக் கதவைச் சாத்துங்க. கொஞ்சம் பேசாம இருங்க. அவர் எழுந்து போய்க் கதவைப் பாதி சாத்திவிட்டு, "கொஞ்சம் சாத்தியாச்சு, போதுமா?" என்று நிற்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மரியாதையாகப் பேசிப் பழகாத வீட்டில் வளர்ந்தவருக்கு மரியாதை என்றால் கிண்டலாகத்தான் தெரியும் என்று ஒரு குத்து குத்திவிட்டு, நானே போய் மீதியைச் சாத்துவேன். இருபத்திரண்டு வருடமாக இந்த ஒரே ஜோக்கை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார் மனிதர். பிறகு என் மகளும் அவரோடு சேர்ந்துகொண்டாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதற்கு இது வேண்டியிருக்கிறது.

நான் பார்ப்பது தொலைபேசி வேலை. ரசாயன டிரம் எதையாவது பக்கத்தில் போய்ப் பார்த்திருந்தால், அதன் வயிற்றில் ஒரு தாள் ஒட்டியிருப்பது தெரியும். அடையாளத்துக்கு ஒரு படம், அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் நாலு எச்சரிக்கை, கடைசியில் 'அவசர உதவிக்கு' என்று ஒரு எண். நல்ல நாளில் அந்த எண்ணை ஒருவரும் படிப்பதில்லை. டிரம் சரிந்து, கொட்டி, புகைய ஆரம்பித்த பிறகு குனிந்து தேடுவார்கள். அதை அழுத்தினால் எங்கள் அறையில் மணி அடிக்கும்.

அறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மூன்றாவது மாடியில் படிக்கட்டை ஒட்டி, கண்ணாடித் தடுப்புக்குள் இரண்டு மேஜை. ஒன்று என்னுடையது. டிரம்முக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளோடு பேசுவது நான். எதிரே உட்கார்ந்திருப்பவர் என் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே தீயணைப்பு நிலையத்தையும் ஆம்புலன்ஸையும் கூப்பிடுவார். அவரை எதிர்மேஜை என்றே எல்லோரும் சொல்வோம். சுவரோரம் இரும்பு அடுக்கில் அட்டைகள். ரசாயனத்துக்கு ஒன்றாக, கொட்டினால் என்ன செய்வது, தீப்பிடித்தால் என்ன, ஆள் மூச்சுத் திணறினால் என்ன என்று வரிசையாக எழுதியிருக்கும். எங்களிடம் இருப்பது அவ்வளவுதான். குழாய் கிடையாது, வண்டி கிடையாது, நீட்டுவதற்கு ஒரு கை கிடையாது. வாய் மட்டும்தான்.

அந்த அட்டைகளின் தமிழ் இருக்கிறதே, அதைப் படித்துக் காட்டினால் தீயே பயந்து அணைந்துவிடும். 'ஏராளமான நீரைக் கொண்டு பாதுகாப்பான தொலைவிலிருந்து இடைவிடாது குளிர்விக்கவும்.' பதறிப்போய் நிற்கிற ஆளிடம் இதை வாசித்தால் அவர் என்ன செய்வார்? "என்னங்க?" என்பார். மறுபடி வாசிக்க வேண்டும். அதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும். அட்டையை வாசிக்காதே, பேச்சுத் தமிழில் சொல் என்று மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டி அதை ஒரு விதியாகவே ஆக்கியவள் நான்தான். ஒன்பது வருடம் ஆகிறது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு என்னுடைய அழைப்புகளின் பதிவைத்தான் போட்டுக் காட்டுவார்கள். எனக்கு அதில் கர்வம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

அன்றைக்கு வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து. பேசியவர் ஒரு நீச்சல்குளத்தின் பம்ப் ஆபரேட்டர். குரலை வைத்துப் பார்த்தால் முப்பதுக்கு மேல் இருக்காது. குளோரின் தூள் டிரம் ஒன்று கவிழ்ந்துவிட்டது, கொட்டிய இடம் புகைகிறது, மூக்கு எரிகிறது என்றார். சொல்லும்போதே இருமினார்.

அந்த இடத்தை நான் போய்ப் பார்த்ததில்லை. ஆனால் விசாரணைக்கு வந்த படங்களைப் பார்த்துப் பார்த்து, கண்ணைக் கட்டிவிட்டால்கூட இன்று நடந்து காட்டுவேன். குளத்துக்கு அடியில், தரைக்குக் கீழே ஒரு நீண்ட நடைவழி. படியிறங்கியதும் பம்ப் அறை. நடுவில் குளோரின் டிரம்கள் வைக்கிற இடம். கடைசியில் துண்டு துவைக்கிற அறை. உள்ளே போகவும் வெளியே வரவும் அந்த ஒரே வழிதான். காலையில் பம்ப்பிலிருந்து எண்ணெய் சொட்டித் தரை வழுக்கியதால் யாரோ மரத்தூளைத் தூவியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆபரேட்டர் தள்ளுவண்டியில் டிரம்மைத் தள்ளிக்கொண்டு வந்தபோது சக்கரம் வடிகால் மூடியில் மாட்டியது. டிரம் சரிந்து, மூடி கழன்று, அந்த எண்ணெய் மரத்தூளின் மேலேயே தூள் கொட்டியது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குளோரின் தூள் தானாக எரியாது. ஆனால் எரிகிற எதற்கும் தீனி போடும். தீ மூச்சு விடுவதற்கு வேண்டியதைத் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு வருகிற சாமான் அது. எண்ணெயும் மரத்தூளும் கிடைத்துவிட்டால் நெருப்புக்குச்சி வேண்டாம், தானே சூடேறிப் புகையும். போர்வை போட்டு மூடினால் அணையாது. சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்புப் பவுடர் சிலிண்டரை அடித்தால் இன்னும் கெடும். ஒரே வழி தண்ணீர். அதுவும் வெள்ளமாக, தள்ளி நின்று, நிறுத்தாமல் அடிக்க வேண்டும். பக்கெட்டில் ஒரு வாய் ஊற்றினால் குளிராது, கொதித்து நச்சுக் காற்றைக் கக்கும். ஊற்றினால் நிறைய ஊற்ற வேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது. அட்டையில் இதற்கு இரண்டு வரி. 'குறைந்த அளவு நீரைப் பயன்படுத்த வேண்டாம்' என்பது முதல் வரி. ஏராளமான நீர் இரண்டாவது வரியில்தான் வருகிறது.

குளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே போய்விட்டார்களா என்று கேட்டேன். போய்விட்டார்கள் என்றார். நீங்களும் மேலே போய்விடுங்கள், வண்டி வந்துகொண்டிருக்கிறது என்றேன். எதிர்மேஜை அதற்குள் நிலையத்தைப் பிடித்துவிட்டு, பத்து விரலையும் விரித்துக் காட்டினார். பத்து நிமிடம்.

"போக முடியாது மேடம். சித்தி உள்ள இருக்காங்க."

அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. துண்டு துவைக்கிற அறையில் வேலை. வீட்டில் சும்மா இருக்கிறாரே என்று ஆறு மாதத்துக்கு முன்னால் இவர்தான் மேலாளரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டாராம். இதையெல்லாம் எனக்குச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். கொட்டிய தூள் இவருக்கும் சித்திக்கும் நடுவில் கிடந்தது.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் குரலில் அதைக் காட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். சித்தியை அந்த அறைக்குள்ளேயே இருக்கச் சொல்லுங்கள், கதவைச் சாத்திவிட்டு, துண்டுகளைத் தண்ணீரில் முக்கிக் கதவின் அடி இடுக்கில் அடைக்கச் சொல்லுங்கள், ஒன்றை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். அவர் கத்தினார். சொன்னது சொன்னபடி, ஒரு சொல் விடாமல் கத்தினார். தூரத்திலிருந்து ஒரு பெண் குரல் திருப்பிக் கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

"எந்தத் துண்டுடா? தொவச்சதா, தொவைக்காததா?"

"எதுவா இருந்தா என்ன சித்தி, கதவைச் சாத்துங்க!"

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எதிர்மேஜை என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். நல்ல கதவு, நனைத்த துண்டு, பத்து நிமிடம். நடுவில் அந்தத் தூள் மட்டும் பொங்காமல் இருந்தால் போதும். கை நிறையத் துண்டு வைத்திருக்கிற பெண்மணி பிழைத்துவிடுவார் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

அப்போதுதான் ஆபரேட்டர் சொன்னார், கத்துவதற்கு முன்னாலேயே ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாராம், அது பாலைப் போலப் பொங்குகிறதாம். பின்னணியில் ஏதோ சீறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தூள்தான் சீறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அட்டையின் முதல் வரி என் கண் முன்னால் இருந்தது. அதை ஒன்பது வருடப் பழக்கத்தில், நல்ல பேச்சுத் தமிழில், பதறாமல், மரியாதையாகச் சொன்னேன்.

"சார், கொஞ்சம் தண்ணி ஊத்தாதீங்க."

"சரிங்க மேடம்."

அடுத்த வரிக்கு நான் மூச்சு இழுப்பதற்குள் அவர் போனை எங்கேயோ வைத்துவிட்டார். இரும்பின் மேல் வைத்த சத்தம். காலடிகள் ஓடின. நான் பேசிக்கொண்டே இருந்தேன். நிறைய ஊத்தணும், ஹோஸ் இருந்தா எடுங்க, தள்ளி நின்னு அடிங்க, நிறுத்தாதீங்க. யாரும் இல்லாத போனில் இதை எத்தனை முறை சொன்னேன் என்று பதிவைக் கேட்டு எண்ணியிருக்கிறேன். பதினான்கு முறை.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சீறல் நின்றது. எனக்கு உயிர் வந்தது. பொங்குவது அடங்குகிறது, நல்ல அறிகுறி என்று எதிர்மேஜையிடம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். காட்டினேன், ஆமாம். அதை மட்டும் யாரும் பதிவு செய்யவில்லை.

பிறகு நாலு நிமிடம். வேலையில்லாதவர்களுக்கு நாலு நிமிடம் ஒன்றுமில்லை. நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அவர் ஹோஸைத் தேடிப் போயிருக்கிறார், இழுத்துக்கொண்டு வருகிறார், இதோ திறக்கப்போகிறார் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டிருந்தேன். போனில் பம்ப் ஓடுகிற சத்தம் மட்டும். நடுவில் ஒருமுறை "சித்தி" என்று கூப்பிட்டார். பதில் ஏதோ வந்தது, புரியவில்லை. அப்புறம் தகரத்தை மிதித்ததுபோல ஒரு சத்தம். இன்னொரு டிரம்மின் மூடி சூட்டில் தெறித்த சத்தம் அது. அப்போது எனக்குத் தெரியாது.

அவர் திரும்பி வந்து போனை எடுத்தபோது பேச்சைவிட இருமல்தான் அதிகமாக இருந்தது.

"நிறுத்திட்டேன் மேடம். நீங்க சொன்ன உடனே நிறுத்திட்டேன். அப்பவும் அடங்கல. இப்ப தீயே வந்துடுச்சு."

எதை நிறுத்தினார்? பக்கெட்டையா? பக்கெட்டை யாராவது நிறுத்துவார்களா? அதைக் கேட்க வாயைத் திறந்தேன், அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. சீறியது தூள் இல்லை. ஹோஸ். நான் சொல்லவேண்டியதை நான் சொல்வதற்கு முன்பே செய்துகொண்டிருந்த மனிதர் அவர். கையில் ஹோஸ், திறந்த வால்வு, தலைக்கு மேலே ஒரு குளம் முழுக்கத் தண்ணீர். அவரிடம் நான் கேட்டுக்கொண்டேன்: தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று. கொஞ்சம் தள்ளி உட்காருங்க. கொஞ்சம் கதவைச் சாத்துங்க. கொஞ்சம் தண்ணி ஊத்தாதீங்க. உலகத்தில் எந்தத் தமிழனும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான். 'கொஞ்சமா' என்று சொல்லியிருக்க வேண்டும். 'ம்' வந்த இடத்தில் 'மா' வந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மனிதர் கடைசியில் செய்து முடித்தது நான் செய்யாதே என்று சொல்ல நினைத்த அதே காரியம். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு நிறுத்திவிட்டார்.

நான் சொன்னது இதுதான்: "சார், இப்ப நிறைய ஊத்துங்க. ஹோஸைத் திறங்க. நிறுத்தவே நிறுத்தாதீங்க."

அந்த 'இப்ப' எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று விளக்க நேரமில்லாமல் வந்ததா, விளக்க மனமில்லாமல் வந்ததா? நாக்கு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்து வைத்திருக்கிறது. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. முதலில் ஊத்தாதே என்றார்கள், இப்போது ஊத்து என்கிறார்கள், படித்தவர்களுக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பார்.

"வால்வு உள்ள இருக்கு மேடம். புகைக்குள்ள."

சுவரில், கொட்டிய இடத்துக்கு எட்டடி முன்னால். நாலு நிமிடத்துக்கு முன்பு மூடிவிட்டு வந்தபோது அங்கே காற்று இருந்தது. இப்போது இல்லை. போகாதீங்க, மேலே வந்துடுங்க, வண்டி வந்துடும் என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் தட்டாமல் கேட்ட ஆள், இந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. போனை மறுபடி அந்த இரும்பின் மேல் வைத்தார். அதற்குப் பிறகு அவர் குரல் வரவில்லை. ஏழாவது நிமிடத்தில் வண்டியின் சங்கு, பூட்ஸ் சத்தம், யாரோ ஒருவர் போனைப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு லைன் ஓடிட்டிருக்கு" என்று சொல்லி அணைத்தார். பத்து என்றவர்கள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முகமூடியும் காற்றுச் சிலிண்டரும் மாட்டிக்கொண்டு உள்ளே போனவர்கள், வால்வுக்கு ஓரடி தள்ளி மயங்கிக் கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். பிறகு வெள்ளமாகத் தண்ணீர் அடித்து, துண்டு அறைக்குப் போனார்கள். கதவின் அடியில் இருந்து இடுப்பு உயரம்வரை நனைத்த துண்டுகள் அடுக்கியிருந்தனவாம். ஒவ்வொன்றும் மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து. எல்லாமே துவைக்காதவை. துவைத்தவற்றை அந்தப் பெண்மணி அலமாரியிலேயே விட்டுவைத்திருந்தார். நச்சுக் காற்று கதவு வழியாக வரவில்லை, தரையிலிருந்த வடிகால் வழியாக வந்தது. அதை அடைக்க நான் சொல்லவில்லை. அங்கே வடிகால் இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அட்டையிலும் இல்லை. மருத்துவமனையில் சித்தி இரண்டு நாள் உயிரோடு இருந்தார். மூன்றாவது நாள் எதிர்மேஜை காலையில் வந்து, பையைக் கூட இறக்கி வைக்காமல் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

விசாரணை வைத்தார்கள். நீளமான மேஜை, மூன்று ஆண்கள், ஒரு பெண், நடுவில் ஒலிப்பெட்டி. என் குரலைப் போட்டுக் கேட்டார்கள், கையில் அட்டையை வைத்துக்கொண்டு. 'குறைந்த அளவு நீரைப் பயன்படுத்த வேண்டாம்.' 'கொஞ்சம் தண்ணி ஊத்தாதீங்க.' சரியாக இருக்கிறது, டிக். 'ஏராளமான நீரைக் கொண்டு.' 'இப்ப நிறைய ஊத்துங்க.' டிக். அட்டையைப் படித்துக்கொண்டே கேட்கிற காதுக்கு அது அட்டையாகத்தான் கேட்கும். மூன்று முறை போட்டார்கள். மூன்று முறையும் அந்த அறையில் ஒரே ஒருத்திக்குத்தான் அது வேறாகக் கேட்டது.

சொன்னேன். சொல்லாமல் இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார், திறந்திருந்த ஹோஸை என் பேச்சைக் கேட்டுத்தான் மூடினார் என்று சொன்னேன். அந்தப் பெண் அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த மாதிரி சம்பவத்துக்குப் பிறகு எல்லோருக்கும் இப்படித் தோன்றும், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஒரு வாரம் லீவு எடுங்கள் என்றார். ஆபரேட்டர் அப்போது தொண்டையில் குழாயோடு படுத்திருந்தார். அவரிடம் எழுதி வாங்கிய வாக்குமூலத்தில் ஒரே வரி இருந்தது: மேடம் சொன்னபடியே எல்லாம் செய்தேன். அதுவும் எனக்குச் சாதகமாகவே போய்விட்டது. நிலைமை மாற மாற அறிவுரையையும் மாற்றிச் சொன்னது பாராட்டத்தக்கது என்று அறிக்கையில் எழுதினார்கள். அந்த 'இப்ப' செய்த வேலை.

அட்டையை மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். நிறையத் தண்ணீர் என்பது முதல் வரியில் வர வேண்டும், 'வேண்டாம்' என்ற சொல்லே அந்தப் பகுதியில் இருக்கக் கூடாது என்று எழுதினேன். பரிசீலனையில் இருக்கிறது. என் மேஜையில் இருக்கும் அட்டையில் மட்டும் நானே பேனாவால் அடித்துத் திருத்தி வைத்திருக்கிறேன்.

வீட்டில் கணவரிடம் ஒருநாள் முழுவதையும் சொன்னேன். அன்றிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இத்தனை வருடத்தில் அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லையா, வேறு யாரையோ கூப்பிடுவதுபோல இருக்கிறது. கதவைச் சாத்துங்க என்றால் எழுந்து போய் முழுசாகச் சாத்திவிட்டு வருகிறார். அந்தப் பழைய ஜோக்கை ஒருமுறை சொல்ல மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். என் மகள்கூட வாயைக் கட்டிக்கொண்டாள்.

நாலு மாதம் கழித்து, ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது மணி அடித்தது. எடுத்தேன். கரகரத்த குரல், கிழவர் யாரோ என்று நினைத்தேன்.

"அன்னைக்குப் பேசின மேடம்தானே? டிரம்ல இருக்கிற இந்த நம்பர்தான் எனக்குத் தெரியும். தப்பா எடுத்துக்காதீங்க."

பின்னணியில் பம்ப் ஓடியது. அதே பம்ப். மறுபடி வேலைக்கு வந்துவிட்டாராம், படி ஏறினால்தான் மூச்சு வாங்குகிறதாம், மற்றபடி பரவாயில்லையாம். அவசர அழைப்பு இல்லையென்றால் நாங்கள் உடனே வைத்துவிட வேண்டும், முடிந்துபோன சம்பவத்தைப் பற்றி எதுவும் பேசக் கூடாது என்பது விதி. எதிர்மேஜை என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அடுத்த லைனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒரே ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்றார். வீட்டில் யாரிடமும் கேட்க முடியவில்லை, அம்மா முகத்தைப் பார்த்தே நாலு மாதம் ஆகிறது என்றார். பிறகு கேட்டார்.

"நீங்க ஊத்தாதீங்கன்னு சொல்றதுக்கு முன்னாடியே நான் ஊத்திட்டேன் மேடம். முதல்ல ஒரு பக்கெட். அப்புறம் ஹோஸையும் திறந்துட்டேன். நீங்க சொன்னதும் ஓடிப்போய் மூடிட்டேன். ஆனா அதுக்குள்ள ஊத்தின தண்ணி ஊத்தினதுதானே. அதாலதானே சித்தி போனாங்க?"

நாலு மாதமாக அந்த மனிதர் எதைச் சுமந்துகொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இல்லை சார், அதனால் இல்லை, போய் நிம்மதியாக இருங்கள் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் ஏன் இல்லை என்று அவர் கேட்பார். கேட்காவிட்டாலும் நம்ப மாட்டார். உண்மையைச் சொன்னால் பக்கெட்டை அவர் தோளிலிருந்து இறக்கிவிடலாம். இறக்கின கையோடு, ஹோஸை மூடியதை ஏற்றிவிட வேண்டியிருக்கும். பக்கெட்டா, ஹோஸா? ஆனால் விசாரணையில் நாலு பேர் காதில் ஏறாததை ஏற்றுக்கொள்ள உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம் இருந்தார்.

சொன்னேன். சுற்றி வளைக்காமல், பூசி மெழுகாமல் சொன்னேன். நீங்கள் ஹோஸைத் திறந்ததுதான் சரி. கொஞ்சமாக ஊற்றாதீர்கள், நிறைய ஊற்றுங்கள் என்று சொல்ல வந்தேன். பாதியைச் சொன்னேன், அதையும் தப்பாகச் சொன்னேன். மீதியைச் சொல்லும்போது நீங்கள் போனில் இல்லை.

அவர் புரிந்துகொள்ளவில்லை. "இல்லைங்க, நீங்க சரியாத்தானே சொன்னீங்க, ஊத்தாதீங்கன்னு," என்று எனக்காக வாதாடினார். நான் மறுபடி சொன்னேன். கொஞ்சம் என்றால் கொஞ்சமாக. தயவுசெய்து என்ற கொஞ்சம் இல்லை. மூன்றாவது முறையும் சொன்னேன். பம்ப் மட்டும் ஓடியது. அவர் தனக்குள் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்ப்பது கேட்டது. ஒருமுறை இப்படி, ஒருமுறை அப்படி.

"அப்ப ஹோஸை மூடாம இருந்திருந்தா?"

"பொழச்சிருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது சார். ஆனா மூடியிருக்கக் கூடாது. மூட வெச்சது நான்."

"என் கையிலதான் இருந்துச்சு," என்றார். திட்டவில்லை. கத்தவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன், அதற்குக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பிறகு பழைய மரியாதை மாறாமல் பேசினார்.

"கொஞ்சம் இருங்க மேடம்."

போனை வைத்தார். இரும்பின் மேல் வைத்த அதே சத்தம். காலடிகள் தள்ளிப் போயின. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்ன கொஞ்சம் எந்தக் கொஞ்சம் என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்மேஜை கடிகாரத்தைக் காட்டினார், நான் தலையை ஆட்டினேன். லைன் திறந்தே இருந்தது. நான் வைக்கவில்லை.